டைப் 1 பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பைப் புதியவருக்கும் புரிகிற மாதிரி மாற்றுவது எப்படி

குழந்தைக்கு டைப் 1 சர்க்கரை நோய் (உடலில் இன்சுலின் சுரக்காததால் தினமும் இன்சுலின் போட வேண்டிய வகை) என்று தெரிந்து ஒரு வாரம்கூட ஆகாத ஒரு அம்மா உங்கள் குரூப்பில் சேர்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் ஊசி போடக் காட்டிக்கொடுத்திருக்கிறார்கள், சொன்னதில் பாதி மனதில் நிற்கவில்லை, தூக்கமும் இல்லை. குரூப்பைத் திறந்தால் ரோஜாப்பூவோடு காலை வணக்கம், அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள், அப்புறம் யாருடைய சென்சாரோ (தோலில் ஒட்டிச் சுகர் பார்க்கும் கருவி) கழன்று விழுந்த கதை பாதியிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. பழைய பேச்சு எதுவும் அவருக்குத் தானாகத் தெரியாது. ஆகவே எல்லாரும் நூறு முறை கேட்ட கேள்வியை அவரும் கேட்கிறார், பழைய ஆள் ஒருவர் "இதைப் பற்றி நிறையப் பேசியாச்சு, மேலே பாருங்க" என்கிறார். மேலே ஒன்றும் இல்லை.

குரூப்பை மாற்றி அமைக்க நினைக்கும் அட்மின்கள் எந்த முடிவையும் இந்த அம்மாவை வைத்தே எடுங்கள். பழையவர்களுக்கு வசதியா என்று பார்க்காதீர்கள். அவர்கள் எப்படி வைத்தாலும் வழி கண்டுபிடித்துவிடுவார்கள்.

முதலில் படியுங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன்னால் கடைசி இரண்டு மூன்று மாதப் பேச்சைப் படியுங்கள். குரூப் மெனுவில் எக்ஸ்போர்ட் சாட் இருக்கிறது, படங்கள் வேண்டாம் என்று கொடுத்தால் வெறும் எழுத்தாக வரும். பதில்களை விட்டுவிட்டுக் கேள்விகளை மட்டும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே போங்கள், ஒரே கேள்வி திரும்ப வந்தால் ஒரு கோடு போடுங்கள். கரண்ட் போய்விட்டது, இன்சுலின் கெட்டுப்போகுமா? பிள்ளைக்குக் காய்ச்சல், சாப்பிட மாட்டேன் என்கிறான், ஊசியை நிறுத்தலாமா? பள்ளிக்கூடத்தில் மதிய ஊசியை யார் போடுவது? பரீட்சை ஹாலுக்குள் மிட்டாய் கொண்டுபோக விடுவார்களா? எந்தக் குரூப்பை எடுத்தாலும் பெரும்பாலான கேள்விகள் பத்துப் பதினைந்துக்குள் அடங்கிவிடும். வேலை முடிந்ததும் அந்தக் கோப்பை அழித்துவிடுங்கள், அதில் குழந்தைகளின் பெயரும் ரிப்போர்ட்டும் இருக்கும்.

குரூப்பை எப்படிப் பிரிப்பது

இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். வாட்ஸ்அப்பில் கம்யூனிட்டி என்ற வசதி 2022 இறுதியில் வந்தது, ஒரே கூரைக்குக் கீழே பல குரூப்கள் வைக்கலாம். அதைப் பார்த்ததும் உணவுக்கு ஒன்று, ஊசிக்கு ஒன்று, சென்சாருக்கு ஒன்று, பள்ளிக்கு ஒன்று, உடற்பயிற்சிக்கு ஒன்று என்று ஆரம்பித்துவிடுவார்கள். பிள்ளை விளையாடிவிட்டு வந்ததும் சுகர் 62 என்று குறைவாகக் காட்டுகிறது, நாளை பள்ளியில் விளையாட்டு விழா வேறு இருக்கிறது. இது உணவா, ஊசியா, பள்ளியா? தலைப்பு வாரியாகப் பிரித்தால் எங்கே கேட்பது என்று தெரிந்தவருக்கு மட்டும்தான் அது பயன்படும், புதியவருக்கு அதுதான் தெரியாது.

பேச்சு ஓடும் விதத்தை வைத்துப் பிரியுங்கள், மூன்று போதும். ஒன்று அறிவிப்பு, அட்மின் மட்டும் எழுதுவார், வாரத்துக்கு ஓரிரண்டு செய்திக்கு மேல் வராது. இரண்டாவது கேள்வி-பதில், வணக்கமும் வாழ்த்தும் இங்கே கிடையாது. மூன்றாவது அரட்டை: பிறந்தநாள், பிள்ளை ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்தது, மாமியார் "சின்ன வயசுல இனிப்பு கொடுத்துக் கெடுத்துட்டே" என்று சொன்னதைக் கொட்டித் தீர்ப்பது, எல்லாம் அங்கே. அரட்டையை ஒழிக்க வேண்டும் என்று சிலர் அடம்பிடிப்பார்கள், விடாதீர்கள். பாதிப் பேர் குரூப்பில் இருப்பதே அதற்காகத்தான்.

கம்யூனிட்டியில் இன்னொரு நன்மை, அறிவிப்புக் குரூப்பில் மட்டும் இருப்பவரின் எண் அட்மின்களையும் அதை ஏற்கெனவே சேமித்துவைத்திருப்பவர்களையும் தவிர மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது. பெண் குழந்தைக்கு டைப் 1 என்பதைச் சொந்தக்காரர்களிடமே மறைக்கிற குடும்பங்கள் நம்மிடம் உண்டு, நாளைக்குக் கல்யாணப் பேச்சு வரும் என்ற பயம். அவர்கள் பேசாமல் படித்துக்கொண்டு மட்டும் இருக்க இது வழி தருகிறது. மற்ற இரண்டு குரூப்களில் சேர்ந்தால் எண் தெரியும் என்பதைச் சேரும்போதே சொல்லிவிடுங்கள்.

அவசரம் குரூப்புக்கு வரக்கூடாது

குரூப் விவரப் பகுதியில் வரவேற்புரையும் கண்ணதாசன் வரியும் இருந்தால் எடுத்துவிடுங்கள். முதல் வரியே இப்படி இருக்கட்டும்: "இங்கே பதில் வரத் தாமதமாகலாம். அவசரம் என்றால் உங்கள் டாக்டரை அல்லது 108-ஐ அழையுங்கள்." அதற்குக் கீழே எது அவசரம் என்று நான்கு வரி. சுகர் 70-க்குக் கீழே இறங்கிப் பிள்ளை விழிப்பாக இருந்தால் டாக்டர் சொல்லித்தந்த அளவு குளுக்கோஸோ சர்க்கரையோ கொடுத்து 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். மயங்கியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே 108. வாந்தி நிற்காமல் சுகரும் ஏறிக்கொண்டே போனால் ஆஸ்பத்திரி. காய்ச்சல் வந்தாலும் தானாக இன்சுலினை நிறுத்தக் கூடாது. இந்த நான்கு வரியையும் உங்களுக்குத் தெரிந்த டாக்டர் ஒருவரிடம் காட்டி ஒப்புதல் வாங்கிவிட்டுப் போடுங்கள்.

இரவு பத்து மணிக்கு மேல் யாரும் பார்க்க மாட்டோம் என்றால் அதையும் எழுதுங்கள். "24 மணி நேரமும் துணையாக இருப்போம்" என்று எழுதிவிட்டுத் தூங்கப்போவதுதான் ஆபத்து, அதை நம்பி ஒருவர் நடுராத்திரியில் பதிலுக்குக் காத்திருப்பார்.

பதில் அட்டைகள்

நோட்டில் கோடு அதிகம் விழுந்த கேள்விகளுக்கு ஆளுக்கொன்றாகப் பதில் எழுதுங்கள், ஒரு கேள்விக்கான பதில் ஒரு அட்டை. படமாகவோ பிடிஎஃப் ஆகவோ செய்யாமல் எழுத்தாகவே இருக்கட்டும். பூப்போட்ட பார்டர் வைத்த போஸ்டரைத் தேடினால் கிடைக்காது, தாத்தா போனில் எழுத்தைப் பெரிதாக்கினாலும் அது பெரிதாகாது, பார்வையற்றவரின் போன் அதைச் சரியாகப் படித்துக்காட்டும் என்றும் நம்ப முடியாது.

ஒவ்வொரு அட்டையும் கேள்வியின் வடிவத்திலேயே தொடங்கட்டும், பெற்றோர் கேட்கிற அதே வார்த்தையில். "இன்சுலின் சேமிப்பு வழிமுறைகள்" என்று யாரும் தேடமாட்டார்கள், "பிரிட்ஜ் இல்லை, இன்சுலினை எங்கே வைப்பது?" என்றுதான் தேடுவார்கள். அடியில் ஒரு வரியில் #பிரிட்ஜ் #ஃபிரிட்ஜ் #கரண்ட் #மண்பானை என்று எல்லா எழுத்து வடிவத்தையும் போட்டுவிடுங்கள், தேடல் எழுத்தைத்தான் பார்க்கும், அர்த்தத்தைப் பார்க்காது. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறவர்களுக்காக அந்த வடிவங்களையும் சேருங்கள். பதில் சுருக்கமாக: திறக்காதது 2 முதல் 8 டிகிரி, உறையவே கூடாது, ஃப்ரீசர் பக்கம் போகக்கூடாது, பிரிட்ஜ் இல்லையென்றால் மண்பானை முறை (ஈரமான மண்பானையின் குளிர்ச்சியில் வைப்பது), திறந்ததை எத்தனை நாள் வைக்கலாம் என்பது மருந்துக்கு மருந்து மாறும், பெட்டிக்குள் இருக்கும் தாளைப் பாருங்கள். கடைசியில் யார் சரிபார்த்தது, எந்த மாதம் என்று ஒரு வரி. தேதி இல்லாத பதில் ஐந்து வருடம் கழித்தும் ஊர் சுற்றும்.

இன்சுலின் அளவு மட்டும் அட்டையிலும் வேண்டாம், குரூப்பிலும் வேண்டாம். "என் பையனுக்கு ஒரு இட்லிக்கு இவ்வளவு" என்பது அந்தப் பையனுக்கு மட்டும்தான். இதைவிட மோசமான ஒன்று மிச்ச மருந்து, மிச்ச சிரிஞ்ச் பகிர்வது. நம் நாட்டில் யூ-40, யூ-100 (ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட், 100 யூனிட்) என்று இரண்டு வலிமையில் இன்சுலின் விற்கிறது, சிரிஞ்சும் தனித்தனி, பொதுவாகச் சிவப்பு மூடி 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. யூ-100 மருந்தை யூ-40 சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். சின்னக் குழந்தைக்கு அது உயிர்போகிற விஷயம். அதனால் "இருக்கிறது, வேண்டுமென்றால் சொல்லுங்க" என்ற ஒற்றை வரிச் செய்திகளுக்கு இடம் கொடுக்காதீர்கள். மருந்தின் பெயர், வலிமை, காலாவதித் தேதி, இதுவரை எங்கே வைத்திருந்தார்கள், எல்லாம் தெரியும் லேபிள் படம் இருந்தால்தான் போட அனுமதி, வாங்குபவர் தன் டாக்டரிடம் காட்டிய பிறகுதான் பயன்படுத்த வேண்டும். இதற்கு ஒரு அட்டை கட்டாயம்.

அறிவிப்புக் குரூப்பில் ஒரு செய்தியை 'பின்' (மேலே நிறுத்திவைக்கும் வசதி) செய்துவைத்தால் எப்போதும் மேலே நிற்கும் என்று நினைக்காதீர்கள். 24 மணி நேரம், 7 நாள், 30 நாள் என்றுதான் தேர்வு இருக்கிறது, அதிகபட்சம் மூன்று செய்தி. ஆகவே அட்டைகளின் பட்டியலை ஒரே செய்தியாக்கி அதை மட்டும் பின் செய்து, மாதா மாதம் புதுப்பிக்கும் வேலையை ஒரு ஆளிடம் கொடுங்கள். புதிதாகச் சேருபவருக்கு அதே பட்டியலைத் தனியாகவும் அனுப்ப வேண்டும், முதல் வாரத்தில் பின் என்பதெல்லாம் யார் கண்ணிலும் படாது.

வாய்ஸ் மெசேஜைத் தடை செய்யாதீர்கள். தமிழில் தட்டத் தெரியாத அம்மாக்கள், பாட்டிகள் வாயைத் திறக்கிற ஒரே வழி அது. கேட்க நேரம் இல்லாதவர்களுக்காகக் கீழே இரண்டு வரி எழுதிப்போட ஒரு தன்னார்வலர் இருந்தால் நன்று.

விற்பனைக்காரர்கள்

வருவார்கள். லேகியம், மூலிகைப் பொடி, "ஊசியிலிருந்து விடுதலை". டைப் 1 குழந்தைக்கு இன்சுலினை நிறுத்தச் சொல்வது கொலைக்குச் சமம், இதில் இரண்டு கருத்து கிடையாது. சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ம் ஆண்டின் மாய மருந்து விளம்பரச் சட்டமே தடுக்கிறது. விவாதம் நடத்தாதீர்கள், செய்தியை எல்லாருக்கும் அழித்துவிட்டு ஆளை நீக்குங்கள். சத்தமில்லாமல் உள்ளே இருந்துகொண்டு தனியாக மெசேஜ் அனுப்புகிறவர்களைப் பிடிப்பது கடினம். சேர அட்மின் ஒப்புதல் வேண்டும் என்று வைத்து, சேருபவரிடம் குழந்தைக்கு எப்போது கண்டறிந்தார்கள், எங்கே பார்க்கிறார்கள் என்று இரண்டு கேள்வி கேளுங்கள். பெண் அட்மின் ஒருவராவது இருக்கட்டும், சில புகார்களை ஆண்களிடம் சொல்ல மாட்டார்கள்.

மாறும் நாள்

திறப்பதற்கு முன்னால் மூன்று பேரிடம் கொடுத்துப் பாருங்கள்: ஒரு பாட்டி, புதிதாக வந்த ஒருவர், போனைக் கூப்பிட மட்டும் பயன்படுத்தும் ஒரு அப்பா. "வெயில் காலத்தில் ரயிலில் ஊருக்குப் போகிறீர்கள், இன்சுலினை எப்படி எடுத்துப்போவது, கண்டுபிடியுங்கள்" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். விரல் எங்கே தயங்குகிறது என்று பாருங்கள். சொல்லிக்கொடுக்கக் கை துறுதுறுக்கும், கூடாது. அவர் திணறினால் பெயரை மாற்றுங்கள், அட்டையை மாற்றுங்கள்.

பழைய குரூப்பை ஒரே நாளில் மூடிவிடாதீர்கள். அதில் அட்மின் மட்டும் எழுதலாம் என்று மாற்றி, புதிய இணைப்பைப் போட்டு, ஒரு மாதமாவது அப்படியே விடுங்கள். வாரம் ஒருமுறை உள்ளே நுழைகிறவர்கள் நிறையப் பேர். முதல் இரண்டு வாரம் புலம்பல் வரும், "பழையதே நல்லா இருந்துச்சு" என்பார்கள், அதில் முக்கால்வாசி பழக்கம் மாறிய எரிச்சல். மீதியைக் கேளுங்கள், அதில் விஷயம் இருக்கும்.

அப்புறம், அட்டைகளின் மூலப்பிரதி ஒரே ஆளின் போனில் இருக்க வேண்டாம். இரண்டு மூன்று அட்மின்கள் திறக்கக்கூடிய ஒரு கூகுள் டாக்கில் வையுங்கள், அட்மின் பொறுப்பையும் குறைந்தது மூன்று பேரிடம் கொடுத்துவையுங்கள், அதில் ஒருவராவது பிள்ளை வளர்ந்து கல்லூரிக்குப் போய்விட்ட பெற்றோராக இருந்தால் நல்லது, அவர்களுக்குத்தான் கொஞ்சம் நேரம் இருக்கும்.