டிரைவ்-இன் தியேட்டருக்கு ஒரு குட்டி ரேடியோ

காரில் உட்கார்ந்தபடியே திறந்தவெளித் திரையில் படம் பார்க்கும் டிரைவ்-இன் தியேட்டருக்குக் கிளம்பும்போது, பேட்டரியில் ஓடும் சின்ன எஃப்.எம். ரேடியோ ஒன்றைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். கார் ஸ்டீரியோவைத் தொடவே வேண்டாம்.

இப்போது பெரும்பாலான டிரைவ்-இன்களில் படத்தின் ஒலி எஃப்.எம்.மில்தான் வருகிறது. இன்ஜினை அணைத்துவிட்டுச் சாவியைப் பாதி திருப்பி வைத்தால் ஸ்டீரியோ மட்டுமா ஓடுகிறது? டேஷ்போர்டு திரை, ஃபேன், சில வண்டிகளில் விளக்கு என்று கூடவே பலதும் கரண்ட்டை இழுக்கும். ஒரே இரவில் இரண்டு படம் என்றால் நாலு மணி நேரம் ஆகிவிடும். பேட்டரி பழசாக இருந்தால், கிளம்பும் நேரத்தில் சாவியைத் திருப்பினால் வெறும் 'டக் டக்' சத்தம்தான். ரேடியோ இருந்தால் டிக்கியைத் திறந்து போட்டு, கால் நீட்டி உட்கார்ந்தும் பார்க்கலாம் (திறந்த கதவு பின்னால் இருப்பவருக்குத் திரையை மறைக்காமல் இருக்கட்டும்).

கம்பத்தில் ஸ்பீக்கர் தொங்கும் பழைய பாணி தியேட்டரில் ரேடியோவுக்கு வேலையில்லை. போனில் இருக்கும் ஆன்லைன் ரேடியோ ஆப்பும் உதவாது. தியேட்டரின் ஒலிபரப்பு அந்த வளாகத்துக்குள்தான் எட்டும். எலக்ட்ரிக் கார்க்காரர்களுக்கு இந்த பேட்டரிக் கவலையே பெரிதாகக் கிடையாது.

மிச்சம் பிடிப்பது இத்தோடு போதும், தீனியை வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகாதீர்கள். டிக்கெட் பணத்தில் பெரும்பங்கு விநியோகஸ்தருக்குப் போய்விடும். மிஞ்சியிருக்கும் டிரைவ்-இன்கள் பிழைத்துக் கிடப்பதே கேன்டீன் வரும்படியில்தான்.