உள்ளே தீராத இழுபறி உறவைத் தாக்காமல் கையாள்வது எப்படி?

முடிவெடுக்காமல் தள்ளிப்போட்ட ஒரு விஷயம் மனத்தின் மூலையில் சும்மா கிடப்பதில்லை. வேலையை விடலாமா வேண்டாமா என்று மாதக்கணக்கில் தனக்குள் வாதாடிக்கொண்டிருக்கும் ஒருவர், வீட்டுக்கு வந்ததும், கதவு சரியாகச் சாத்தப்படவில்லை என்பதற்காகத் துணைவரிடம் சீறிவிழுகிறார். கோபம் உண்மையானதுதான், போய்ச் சேர்ந்த இடம்தான் தவறு. காரணம் அறியாத துணைவரோ தம்மிடம் குறை தேடுகிறார், தேடிக் களைத்தபின் பேச்சைக் குறைத்துக்கொள்கிறார். எத்தனையோ உறவுகள் இப்படித்தான், சம்பந்தமே இல்லாத ஒன்றினால் வாடுகின்றன என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

ஆகவே, அற்பக் காரணத்துக்கு அளவுமீறிய கோபம் எழும்போது, தாடை இறுகுவதையும் மூச்சு மேலோட்டமாவதையும் கவனித்து, “இதைத் தவிர இன்று என்னை அழுத்துவது எது?” என்று உங்களையே கேளுங்கள்.

விடை கிடைத்ததும், உள்ளே மோதுகிற இரண்டு பக்கங்களுக்கும் பெயரிடுங்கள். உளவியலாளர் குர்ட் லெவின் 1930களில் மனப்போராட்டங்களை மூன்றாகப் பிரித்தார்: விரும்பும் இரண்டில் ஒன்றைத் தேர்வது, விரும்பாத இரண்டில் ஒன்றை ஏற்பது, ஒரே பொருளை விரும்பவும் அஞ்சவும் செய்வது. மூன்றாவதுதான் ஆண்டுக்கணக்கில் நீளக்கூடியது. ஏனெனில், நெருங்க நெருங்க அச்சம் மேலோங்குகிறது, விலகினாலோ அச்சம் தணிந்து ஆசை மறுபடியும் இழுக்கிறது. உங்களுடையது இவற்றில் எது என்று தெரிந்தாலே பாதிக் குழப்பம் தெளியும்.

பிறகு அதைப் பற்றி எழுதுங்கள். உளவியல் ஆய்வாளர்கள் ஜேம்ஸ் பென்னபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் நான்கு நாட்கள் தொடர்ந்து, நாளுக்கு 15 நிமிடம் எழுதினார்கள்; தம்மை வருத்திய நிகழ்வையும் அதன்மீதான உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்த மாதங்களில் மருத்துவரை நாடியது குறைந்தது. ஆனால் எழுதி முடித்த உடனே அவர்களுடைய மனம் கனத்திருந்தது. உங்களுக்கும் அப்படி ஆகலாம். அதைக் கண்டு நிறுத்திவிடாதீர்கள். தாங்க முடியாத வேதனை எழுந்தால் மட்டும் வேறொன்றைப் பற்றி எழுதுங்கள்.

துணைவரிடம் பேசுவதற்கு முன் கோபத்தின் சூடு தணிந்திருக்க வேண்டும். தம்பதியரின் சண்டைகளை நெடுங்காலம் ஆராய்ந்த ஜான் காட்மன், குறைந்தது 20 நிமிட இடைவெளி விடச் சொல்கிறார். அந்த நேரத்தில் அடுத்த வாதத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தால் உடல் தணியாது. பேசும்போது தவறை முதலில் ஒப்புக்கொண்டு, காரணத்தைச் சொல்லி, வேண்டியதைக் கேளுங்கள்: “கதவுக்காக நான் கத்தியது தவறு. வேலையை விடுவதா என்று மூன்று மாதமாக மனம் அல்லாடுகிறது. உன்னிடம் சொல்லத் தயங்கினேன். நீ இப்போது தீர்வு சொல்ல வேண்டாம், கேட்டால் போதும்.”

இன்றே முடிவெடுக்க முடியாவிட்டால், எந்த நாளில், எதை அறிந்துகொண்டபின் முடிவெடுப்பீர்கள் என்பதையாவது குறித்து, அதைத் துணைவரிடமும் தெரிவியுங்கள். அதற்குப் பிறகும் தூக்கமும் பசியும் இரண்டு வாரங்களுக்கு மேல் கெட்டிருந்தால், மனநல ஆலோசகரைப் பார்க்கத் தயங்க வேண்டாம்.