வட அமெரிக்காவில் பரவும் களையான பூண்டுக்கடுகைப் (garlic mustard) பிடுங்கப் போகிறீர்களா?

முதலில் ஓர் இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள். பூண்டு வாசம் வந்தால் ஆள் சிக்கிவிட்டது. ஆனால் பத்துச் செடி பிடுங்கியபின் கையே பூண்டாக மணக்கும். அப்புறம் மூக்கை நம்பாதீர்கள், கண்ணை நம்புங்கள்.

கனடாவின் ஒன்டாரியோவில், மரநிழலில் வசந்தந்தோறும் இதே வேலைதான் எனக்கு. இது ஈராண்டுச் செடி. முதலாண்டில் தரையோடு ஒட்டிய, சிறுநீரக வடிவ இலைகள். இந்த நிலையில்தான் நான் ஏமாந்து, ஒரு பாத்தி காட்டு வயலட் பூச்செடியைப் பிடுங்கிப் போட்டேன். இரண்டாமாண்டில் குழப்பமே இல்லை: ஒரு மீட்டர் வரை உயரும் தண்டு, பல்விளிம்புள்ள முக்கோண இலை, நான்கு இதழ் வெள்ளைப் பூ, பிறகு ஒல்லியான நீளக் காய்.

ஐரோப்பாவிலிருந்து வந்தது. வட அமெரிக்காவில் முதல் பதிவு 1868, நியூயார்க்கின் லாங் ஐலண்டில். இன்று கனடாவின் தென்கிழக்கிலும் அமெரிக்காவின் கிழக்கு, நடுமேற்கு மாநிலங்களிலும் பரவிக் கிடக்கிறது. மான்கூட இதைப் பெரும்பாலும் சீண்டாது. மேற்கு வர்ஜீனியா வெள்ளை வண்ணத்துப்பூச்சியோ ஏமாந்து இதில் முட்டையிடும், புழுக்கள் பிழைக்காது.

மழை பெய்த மறுநாள், காய் முற்றும் முன் போங்கள். தண்டின் அடியைப் பிடித்து மெல்ல இழுங்கள். தரைக்குக் கீழே வேர் எஸ் போல வளைந்திருக்கும், வெடுக்கென்று இழுத்தால் அறுந்து மறுபடி துளிர்க்கும். பூத்த செடியைக் கீழே போடாதீர்கள், கிடந்தபடியே விதை பழுக்கும். பையில் கட்டுங்கள். உரக்குழி வேண்டாம். விதை மண்ணில் பல ஆண்டு உயிரோடிருக்கும், அடுத்த வசந்தத்திலும் அதே இடத்துக்கு வாருங்கள். கிளம்புமுன் காலணிச் சேற்றைத் தட்டிவிடுங்கள்.