கொச்சி யூதச் சுவடுகளைத் தேடிப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளி இரவு ரயிலேறி, சனி காலை எர்ணாகுளத்தில் இறங்கி, நேரே கொச்சியின் மட்டாஞ்சேரிக்குப் போய் நிற்பதுதான் முதல் தவறு. சனிக்கிழமை யூதர்களின் ஓய்வுநாள். வெள்ளி மாலை சூரியன் மறையும்போதே அது தொடங்கிவிடும். அங்குள்ள யூத வழிபாட்டு இடமான பரதேசி ஜெப ஆலயம் சனியன்று பார்வையாளர்களுக்குத் திறக்காது. வெள்ளியையும் நம்ப வேண்டாம். ஆலயத்தில் பிற்பகல் அனுமதி இருக்காது, பக்கத்திலேயே இருக்கும் மட்டாஞ்சேரி அரண்மனை அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறையே வெள்ளிதான். வடக்குப் பரவூர், சேந்தமங்கலம் ஆலயங்கள் இப்போது கேரள அரசின் முசிறி மரபுத் திட்டத்தின் அருங்காட்சியகங்கள். அவற்றுக்குத் திங்கள் விடுமுறை.

இரண்டே நாள்தான் கையில் இருக்கிறது என்றால் வரிசையை மாற்றுங்கள். சனியன்று எர்ணாகுளம் வரை போகாமல் ஆலுவாவில் இறங்கினால் பரவூர் சுமார் 15 கி.மீ., அங்கிருந்து சேந்தமங்கலம் 5 கி.மீ.க்குள். ஞாயிறு மட்டாஞ்சேரிக்கு. பரதேசி ஆலயத்தில் மதியம் 1 முதல் 3 வரை பொதுவாக இடைவேளை விடுவார்கள். காலை 10 மணிக்கே வாசலில் இருப்பது நல்லது.

கிழமை சரியாக இருந்தும் கதவு மூடியிருக்கலாம். யூதப் புத்தாண்டு, பாவநிவாரண நாள், கூடாரப் பண்டிகை மூன்றும் செப்டம்பர்-அக்டோபரில் அடுத்தடுத்து வரும். நம் காலாண்டு விடுமுறையும் ஆயுத பூஜை விடுமுறையும் அதே சமயத்தில்தான். யூத நாட்காட்டி சந்திர மாதக் கணக்கில் ஓடுவதால் தேதிகள் ஆண்டுதோறும் நகரும். அந்த ஆண்டின் தேதிகளைப் பார்த்துவிட்டே டிக்கெட் போடுங்கள். பண்டிகை முந்தின நாள் மாலையே தொடங்கிவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

உடை விஷயத்தில் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் உண்டு. அரைக்கால் சட்டை, கையில்லாத மேலுடை கூடாது. செருப்பைக் கழற்ற வேண்டும். கேரளத்து யூதர்கள் இந்த மண்ணின் வழக்கமாகவே ஏற்றுக்கொண்டது இது. உள்ளே படம் எடுக்க அனுமதியில்லை. அந்த நேரத்தைக் கண்ணுக்குக் கொடுங்கள். தரையில் பதித்த நீல வெள்ளைச் சீன ஓடுகள் கையால் தீட்டியவை, ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. நடுவே மறைநூல் வாசிக்க, பித்தளைக் கம்பிகள் சூழ்ந்த மேடை. மாடத்தில் இரண்டாவதாக ஒரு மேடை. இந்த இரட்டை மேடை கேரள ஜெப ஆலயங்களுக்கே உரிய அமைப்பு, பலர் தலையை நிமிர்த்தாமலே வெளியேறிவிடுகிறார்கள். வெளியே 1760இல் எழுந்த மணிக்கூண்டில் ஒரு முகத்தில் எபிரேய எண்களும் இன்னொன்றில் மலையாள எண்களும் இருக்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, இந்த ஓர் ஆலயத்தைப் பார்த்துவிட்டுக் கொச்சி யூதர்களைப் பார்த்துவிட்டதாக நினைப்பது. 1568இல் இதைக் கட்டியவர்கள் ஸ்பெயின் முதலிய இடங்களிலிருந்து பிற்பாடு வந்த சிறு கூட்டம். 'பரதேசி' என்ற பெயரே அதனால்தான். எண்ணிக்கையிலும் பழமையிலும் பெரியவர்கள் மலபார் யூதர்கள். இருவருக்கும் நடுவே ஏற்றத்தாழ்வு கடுமையாக இருந்தது. விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தவர்களுக்கு இதே பரதேசி ஆலயத்துக்குள் சம இடம் மறுக்கப்பட்டது. அவர்களில் ஒருவரான வழக்கறிஞர் ஏ.பி. சேலம் சத்தியாக்கிரகம் செய்து போராடினார். மலபார் யூதர்களில் பெரும்பாலோர் 1950களில் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள். அவர்கள் விட்டுச்சென்ற கட்டடங்கள்தான் பரவூரும் சேந்தமங்கலமும்.

பரவூரில் வாயில் கட்டடத்திலிருந்து நீண்ட நடைவழி தாண்டித்தான் வழிபாட்டுக் கூடத்துக்குப் போக முடியும். கேரளக் கோயில், வீடு கட்டும் முறையோடு ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல இடமில்லை. யூத மறைநூலான தோராவின் சுருள் வைக்கும் பேழை நகல்தான். மூலம் இஸ்ரேலுக்குப் போய்விட்டது. சேந்தமங்கலத்தின் முற்றத்தில் சாரா என்ற பெண்ணின் கல்லறைக் கல் நிற்கிறது, ஆண்டு 1269. இந்தியாவில் கிடைத்த மிகப் பழைய எபிரேயக் கல்லறைக் கல் இது. எர்ணாகுளம் மார்க்கெட் சாலையிலுள்ள கடவும்பாகம் ஆலயத்துக்கு வண்ணமீன், செடி விற்கும் கடை வழியாகத்தான் உள்ளே போக வேண்டும்; கடை திறந்திருக்கும் நேரத்தில் போங்கள்.

தமிழ் வாசகர்கள் தவறவிடக்கூடாத ஒன்று, யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்குச் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் கி.பி. 1000 வாக்கில் கொடுத்த செப்பேடு. எழுத்து வட்டெழுத்து, மொழி அன்றைய தமிழுக்கு மிக நெருக்கம். அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவும் 72 உரிமைகளும் கொடுத்ததாகச் சொல்லும் அதன் வாசகத்தை முன்கூட்டியே படித்துக்கொண்டு போனால், அருங்காட்சியக விளக்கப் பலகைகள் பாதி புரிந்தது போலத்தான்.

யூதத் தெருவில் கடைகள் வரிசையாக உண்டு. இன்று அவற்றை நடத்துவோர் யூதர்கள் அல்ல; 'பழைய யூத வீட்டுப் பொருள்' என்று சொன்னதற்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். பொருள் உண்மையிலேயே நூறாண்டுக்கு மேற்பட்ட தொல்பொருளாக இருந்துவிட்டால் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தனிநபர் அதை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் வாங்க ஆசைப்பட்டால், பணம் கொடுக்கும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள்.