டீசலுக்கு மாறலாமா? சென்னையில் கார் ஓட்டுகிறவர்கள் போட வேண்டிய கணக்கு

பெட்ரோல் காரை விற்றுவிட்டு டீசல் வாங்கலாமா என்று யாரிடம் கேட்டாலும் முதலில் வரும் பதில், "மாசம் எவ்வளவு ஓட்டுவீங்க?" என்பதுதான். 1,500 கிலோமீட்டருக்கு மேல் என்றால் டீசல், கீழே என்றால் பெட்ரோல். பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வருவதற்கு முன்பு இது சரியான கணக்கு. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த டீசல் கார்களுக்கு இது பாதிக் கணக்குதான். அந்த 1,500 கிலோமீட்டரும் எந்த ரோட்டில், எந்த வேகத்தில் ஓடுகிறது என்பது மீதிப் பாதி. தினமும் போரூரிலிருந்து சிறுசேரி போய்வந்தாலும் 1,500 வரும். மாதம் இரண்டு முறை திருச்சிக்குப் போய்வந்து, நடுவில் கொஞ்சம் ஊருக்குள் ஓட்டினாலும் அதே 1,500 வரும். இரண்டாமவருக்கு டீசல் அருமையான வண்டி. முதலாமவர் எந்த வழியாகப் போகிறார் என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

முதலில் காசைப் பார்த்துவிடலாம். 2012 வாக்கில் சென்னையில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 30 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருந்தது, அப்போது கண்ணை மூடிக்கொண்டு டீசல் வாங்கினார்கள், அதில் நியாயமும் இருந்தது. 2014 அக்டோபரில் டீசல் விலைக்கட்டுப்பாட்டை எடுத்த பிறகு அந்த இடைவெளி சுருங்கிக்கொண்டே வந்துவிட்டது. 2024 மார்ச்சில் விலை குறைந்தபோது இங்கே பெட்ரோல் 101 ரூபாயை ஒட்டியும் டீசல் 92 ரூபாயை ஒட்டியும் நின்றது. அதாவது வித்தியாசம் எட்டு, ஒன்பது ரூபாய்தான். எனவே இன்றைக்கு டீசலில் மிச்சமாவது பெரும்பாலும் மைலேஜால்தான், விலையால் அல்ல. ஊருக்குள் பெட்ரோல் எஸ்யூவி லிட்டருக்கு 11 கிலோமீட்டர் கொடுக்கிறது, அதே வண்டியின் டீசல் 15 கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டால் கிலோமீட்டருக்குப் பெட்ரோலில் 9 ரூபாய் சொச்சம், டீசலில் 6 ரூபாய் சொச்சம். கிலோமீட்டருக்கு 3 ரூபாய் மிச்சம். இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், உங்கள் வண்டியில் டேங்க் ஃபுல் பண்ணி அடுத்த ஃபுல் வரை ஓட்டிப் பார்த்து வந்த மைலேஜையும் அன்றைய பங்க் விலையையும் போடுங்கள். டேஷ்போர்டு காட்டும் மைலேஜை நம்ப வேண்டாம்.

இப்போது எதிர்ப்பக்கம். தமிழ்நாட்டில் கார் வாங்குகிறவர்கள் கவனிக்கத் தவறும் விஷயம் ஆயுள் வரி. 2023 நவம்பரிலிருந்து 5 முதல் 10 லட்சம் வரையிலான காருக்கு 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம். பெட்ரோல் மாடல் 9.8 லட்சம், அதே வசதிகளோடு டீசல் 11.2 லட்சம் என்றால் ஷோரூமில் சொல்வது "ஒன்று நாற்பதுதான் சார் அதிகம்" என்று. ஆனால் பெட்ரோலுக்கு வரி 1,27,400 ரூபாய், டீசலுக்கு 2,01,600 ரூபாய். வரியில் மட்டும் 74,000 ரூபாய்க்கு மேல் ஏறிவிட்டது. ஆக உண்மையான வித்தியாசம் 2.14 லட்சம். அதை 3 ரூபாயால் வகுத்தால் 71,000 கிலோமீட்டர் ஓட்டிய பிறகுதான் போட்ட பணமே திரும்பும். மாதம் 700 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு எட்டு வருஷத்துக்கு மேல். 2,000 ஓட்டுகிறவருக்கு மூன்று வருஷம். இரண்டு மாடலுமே 10 லட்சத்தைத் தாண்டியவை என்றால் வரியின் அடி இவ்வளவு பலமாக இருக்காது, அப்போது டீசல் கொஞ்சம் சீக்கிரமாகவே கணக்கைச் சரிக்கட்டும். அதனால் எக்ஸ்-ஷோரூம் விலையை வைத்துப் பேசாதீர்கள், இரண்டுக்கும் ஆன்-ரோடு கொட்டேஷன் எழுதி வாங்குங்கள். இன்ஷூரன்ஸையும் அதிலேயே பாருங்கள், தேர்ட் பார்ட்டி பிரீமியம் சிசியை, அதாவது இஞ்சின் அளவை வைத்துத்தான்; 998 சிசி டர்போ பெட்ரோலுக்கும் 1,493 சிசி டீசலுக்கும் ஒரே தொகை வராது.

இதெல்லாம் புதுக் கார் வாங்குவது முடிவாகிவிட்ட பிறகு, எது என்று தேர்ந்தெடுக்கும் கணக்கு. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், லோன் முடிந்த பெட்ரோல் காரை எரிபொருள் செலவுக்காக மட்டும் விற்பது வேறு கதை. வருஷம் 10,000 கிலோமீட்டர் ஓட்டினால் டீசலில் மிச்சம் 30,000 ரூபாய். புதுக் காரின் இரண்டு மூன்று மாத இஎம்ஐ-கூட அதில் வராது. 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலால் மைலேஜ் குறைந்துவிட்டது என்ற கோபத்தில் இப்போது நிறையப் பேர் டீசல் பக்கம் பார்க்கிறார்கள். கோபம் புரிகிறது, ஆனால் அந்தக் குறைவை மட்டும் வைத்துக் கார் மாற்றினால் நஷ்டம்தான்.

சரி, எங்கே ஓட்டுகிறோம் என்ற விஷயத்துக்கு வருவோம். பிஎஸ்6 டீசலின் புகைபோக்கியில் டிபிஎஃப் என்றொரு வடிகட்டி இருக்கிறது. புகையில் வரும் கரித்துகளைப் பிடித்து வைத்துக்கொண்டு, அவ்வப்போது அதிக வெப்பத்தில் எரித்துத் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். இதற்கு ரீஜெனரேஷன் என்று பெயர். அந்த வெப்பம் வர வண்டி 60 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் ஒரு கால் மணி நேரமாவது நிற்காமல் ஓட வேண்டும். நெரிசலான ஆற்காடு ரோட்டிலும், சாயங்கால கத்திப்பாராவிலும் அது எங்கே நடக்கும்? பிள்ளையை ஸ்கூலில் விட்டுவிட்டு, காய்கறி வாங்கிக்கொண்டு, 4 கிலோமீட்டரில் வீட்டுக்குத் திரும்பும் வண்டியில் இஞ்சின் சூடாவதற்குள் அணைத்துவிடுகிறோம். கரி சேர்ந்துகொண்டே போகும், ஒருநாள் டேஷ்போர்டில் விளக்கு எரியும், அதையும் கண்டுகொள்ளாவிட்டால் வண்டி வேகத்தைக் குறைத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போகச் சொல்லும். வடிகட்டியையே மாற்ற வேண்டி வந்தால் நீங்கள் வருஷக்கணக்கில் டீசலில் மிச்சம் பிடித்த பணம் ஒரே பில்லில் போய்விடும்.

ஆனால் ஊருக்குள் ஓட்டுகிறவர்கள் டீசலே வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. வாரம் ஒருமுறையாவது வண்டலூர்–மீஞ்சூர் அவுட்டர் ரிங் ரோட்டிலோ, ஈசிஆரில் மாமல்லபுரம் வரையிலோ ஒரு நல்ல ஓட்டம் கிடைக்கிறது என்றால் டிபிஎஃப் தொல்லை தராது. ஒரு அடையாளம் மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சிக்னலில் நிற்கும்போது இஞ்சின் சுற்றும் ஐடிலிங் வேகம் வழக்கத்தைவிட ஏறி, உறுமல் கொஞ்சம் மாறி, வீட்டு வாசலில் வண்டியை அணைத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் இரைந்து ஓடிக்கொண்டே இருந்தால், பாதி ரீஜெனரேஷனில் அணைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். அடிக்கடி இப்படி நடந்தால் எரியாத டீசல் இஞ்சின் ஆயிலில் கலந்து ஆயில் அளவே ஏறும், டிப்ஸ்டிக்கில் பார்த்தாலே தெரியும். முடிந்தால் அணைக்காமல் இன்னும் பத்து நிமிஷம் ஓட்டிவிட்டு வாருங்கள். டிபிஎஃப்பைக் கழற்றிவிடுகிறேன் என்று சொல்லும் மெக்கானிக்கிடம் மட்டும் போகாதீர்கள். சட்டப்படி தப்பு, அந்தக் கரியை நம் தெருவில் விளையாடுகிற பிள்ளைகள்தான் மூச்சில் இழுக்கும்.

பல புது டீசல்களில் ஆட்ப்ளூ என்ற, புகையின் நச்சைக் குறைக்கும் யூரியா திரவத்தைத் தனியாக ஊற்ற வேண்டும். செலவு அதிகமில்லை, ஆனால் தீர்ந்துவிட்டால் அணைத்த வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆகாது. நீண்ட பயணத்துக்கு முன்பு பார்த்துக்கொள்ளுங்கள்.

காசுக் கணக்கில் வராத ஒன்றையும் சொல்ல வேண்டும். குடும்பத்தோடு ஐந்து பேர், டிக்கி நிறைய சாமான், ஏசி, ஏற்காடு மலைப்பாதை என்று போகும்போது டீசலின் டார்க், அதாவது இழுவிசை தரும் நிம்மதி தனி. மதுரை, திருநெல்வேலி என்று சொந்த ஊருக்கு அடிக்கடி ஓட்டுகிறவர்கள் அதற்காகவே டீசல் வாங்கினால் நான் தடுக்க மாட்டேன். ஆனால் சின்னக் கார் தேடினால் சிரமம். மாருதி 2020-லேயே டீசலை நிறுத்திவிட்டது, இப்போது டீசல் என்றாலே பெரும்பாலும் எஸ்யூவிதான்.

செகண்ட் ஹேண்ட் டீசல் பார்க்கிறீர்களா? 2020 மார்ச்சுக்கு முந்தைய பிஎஸ்4 வண்டிகளில் பெரும்பாலும் டிபிஎஃப் கிடையாது, ஊருக்குள் ஓட்ட அது ஒரு வசதி. டெல்லியில் கொண்டுவந்ததுபோல் பத்து வருஷ டீசல் தடை இங்கே இல்லை, 15 வருஷம் முடிந்ததும் எஃப்சி எடுத்து ஆர்சியைப் புதுப்பிக்கலாம். பார்க்கப் போகும்போது காலையில் போங்கள், வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே யாரோ ஸ்டார்ட் பண்ணியிருக்கிறார்கள். குளிர்ந்த இஞ்சின் ஒரே சாவித் திருப்பலில் எழ வேண்டும். பிறகு ஐடிலிங்கில் ஆயில் மூடியைத் திறந்து அதே துளையின் மேல் தலைகீழாக வையுங்கள். மூடி லேசாக அதிர்ந்தால் பரவாயில்லை, குதித்து விழுந்தாலோ உள்ளிருந்து புகை தள்ளிக்கொண்டு வந்தாலோ பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம், விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். வேளச்சேரி, முடிச்சூர் என்று மழை வெள்ளம் புகுந்த பக்கத்து வண்டி என்றால், அது வெள்ளத்தில் மூழ்கியதா என்று தெரிய சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து, உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக்கறை இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.