நாவலோட முதல் பக்கத்துலயே வாசகரை உக்கார வைக்கறது எப்படி?

நாவல் எழுத உக்காந்ததும் முக்காவாசிப் பேர் பண்ற தப்பு ஒண்ணு இருக்கு, நானும் பண்ணேன். பொழுது விடியுது, பறவை கத்துது, ஹீரோ சோம்பல் முறிச்சு எழுந்து கண்ணாடி முன்னாடி நிக்கறான், அந்தச் சாக்குல மூக்கு முழியெல்லாம் வர்ணிச்சு முடிக்கறதுக்குள்ள படிக்கறவங்க மூடி வெச்சுட்டுப் போயிடுவாங்க.

முதல்ல உங்க டிராஃப்ட்ட எடுங்க. எந்த வரியில கதைக்குள்ள நடக்கறதப் பாத்து படிக்கறவங்களுக்கு "என்னமோ சரியில்லையே"ன்னு தோணுதோ அங்க கோடு போட்டு, அதுக்கு மேல இருக்கறத வெட்டி வேற ஃபைல்ல போட்டு வைங்க (அழிச்சுடாதீங்க, நாலாவது அத்தியாயத்துல தேடுவீங்க). அப்படி ஒரு வரியே கிடைக்கலன்னா இனிமேதான் எழுதணும்.

அந்த வரி பெருசா இருக்கணும்னு இல்ல, குண்டு வெடிக்க வேணாம், பொணம் விழ வேணாம். இதப் பாருங்க:

"மாலா பூட்டைத் திறந்து உள்ளே வந்தாள். காலையில் பூட்டிக்கொண்டு போன வீடு. மேஜை மேல் இருந்த தண்ணீர் டம்ளரின் வெளிப்பக்கம் இன்னும் வியர்த்திருந்தது."

யாரோ இப்பத்தான் ஐஸ் தண்ணி ஊத்தியிருக்காங்க. நான் அத சொல்லவே இல்ல, நீங்களே கண்டுபிடிச்சீங்க, அதான் விஷயம். "அவளுக்குப் பயமாக இருந்தது"ன்னு கூட ஒரு வரி சேத்துப் பாருங்க, புஸ்ஸுன்னு போயிடும்.

அடுத்து, மாலா அத கவனிக்கக் கூடாது. டம்ளரத் தாண்டிப் போய் செருப்பக் கழட்டறா, அக்காவுக்கு போன் போட்டு சாவகாசமா பேசறா. சாதாரணமா இதெல்லாம் போர், ஆனா இப்ப படிக்கறவங்க "திரும்பிப் பாரும்மா"ன்னு துடிப்பாங்க. சினிமா டைரக்டர் ஹிட்ச்காக் இதத்தான் மேஜைக்கு அடியில இருக்கற வெடிகுண்ட வெச்சு விளக்கினார்: குண்டு இருக்கறது நமக்குத் தெரியாம வெடிச்சா 15 செகண்ட் அதிர்ச்சி, தெரிஞ்சுட்டா 15 நிமிஷம் படபடப்பு.

அதனால எல்லாத்தையும் மறைச்சாதான் சஸ்பென்ஸ்னு நெனைக்காதீங்க. 1981ல வந்த ஒரு குறுநாவல்ல கொலம்பிய எழுத்தாளர் மார்க்வெஸ் முதல் வாக்கியத்துலயே ஆளக் கொல்லப் போறாங்கன்னு போட்டு உடைச்சுடுவார், அப்புறமும் கீழ வைக்க முடியாது, ஏன்னா கேள்வி "சாவானா"ங்கறதுலேர்ந்து "இத்தனை பேருக்குத் தெரிஞ்சும் எப்படி நடந்துச்சு"ன்னு மாறிடுது.

ஒரு கேள்விக்குப் பதில் சொல்ற எடத்துலயே அடுத்தத கெளப்பி விட்டுடணும். டம்ளர் வெச்சது மாலாவோட தம்பின்னு தெரிய வருது, சரி, ஆனா அவன் ஜெயில்ல இல்ல இருக்கணும்?

பிளாஷ்பேக் ஆசை இப்பத்தான் வரும். தம்பி ஏன் உள்ள போனான்னு ரெண்டு பக்கம் எழுதக் கை அரிக்கும். இப்ப வேணாம், மாலா மொதல்ல சமையலறை வாசல் வரைக்கும் வரட்டும்.