பூட்டுத் திறக்க ஆள் கூப்பிடும் முன்: நல்ல சாவிக்காரரைக் கண்டுபிடிக்கும் முறை

சாவி வீட்டுக்குள் மாட்டிக்கொண்டது, கதவு சாத்திக்கொண்டது, மணி இரவு 9. அப்போது போனில் தேடிக் கிடைக்கும் முதல் எண்ணை அழைப்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். அவசரத்தில் விலை கேட்க மாட்டோம், ஆளைப் பார்க்க மாட்டோம். எனவே இந்தச் செய்முறையின் முதல் இரண்டு படிகளைப் பூட்டு நன்றாக வேலை செய்யும் ஒரு நாளில் முடித்துவிடுங்கள்.

படி 1: ஒரு மாற்றுச்சாவி வெட்டிப் பாருங்கள்

பூட்டுத் திறப்பவருக்கென்று நம் ஊரில் தனி அரசு உரிமம் எதுவும் கிடையாது. 'அரசு அங்கீகாரம் பெற்றவர்' என்று அட்டை நீட்டினால் அதற்கு மதிப்பில்லை. ஜிஎஸ்டி எண் இல்லை என்பதற்காகச் சின்னக் கடைக்காரரைச் சந்தேகிக்கவும் வேண்டாம். சேவைத் தொழிலில் ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் பொதுவாக அந்தப் பதிவு கட்டாயம். ஒரே இடத்தில் பல வருடங்களாகக் கடை வைத்திருப்பவரா, பக்கத்து ஹார்டுவேர் கடைக்காரர் அவரைப் பெயர் சொல்லிக் காட்டுகிறாரா என்று பாருங்கள். அட்டையை விட இது நம்பகமானது.

பிறகு வாசல் கதவுச் சாவியைக் கொண்டுபோய் ஒரு நகல் வெட்டச் சொல்லி, பக்கத்திலேயே நில்லுங்கள். வேலை தெரிந்தவர் முதலில் வெட்டாத வெற்றுச் சாவியை உங்கள் சாவியோடு சேர்த்துப் பிடித்து, பக்கவாட்டுப் பள்ளங்கள் பொருந்துகின்றனவா என்று பார்ப்பார். மெஷினில் மாட்டும்போது இரண்டு சாவிகளின் பிடிக்குக் கீழே உள்ள மேட்டை ஒரே கோட்டில் நிறுத்துவார். இது அரை மில்லிமீட்டர் தள்ளினாலே சாவி உள்ளே போகும், ஆனால் திரும்பாது. வெட்டி முடித்ததும் அரத்தாலோ பிரஷ்ஷாலோ பிசிறை எடுப்பார். நீங்கள் கொடுத்தது ஏற்கெனவே நகல் என்றால் 'ஒரிஜினல் இல்லையா?' என்று கேட்பார். நகலிலிருந்து நகல் எடுத்தால் பிழை கூடிக்கொண்டே போகும் என்பது அவருக்குத் தெரியும். இவ்வளவும் செய்கிறவரின் எண்ணை வாங்கி வீட்டில் இரண்டு பேர் போனிலாவது பதிந்து வையுங்கள்.

புதுச் சாவியைக் கதவு திறந்திருக்கும்போதே பூட்டில் போட்டுச் சோதியுங்கள். சாத்திவிட்டுச் சோதித்து, சாவி சிக்கி வெளியே நிற்பவர்கள் நிறைய.

படி 2: உங்கள் வீட்டுப் பூட்டு எந்த வகை?

தொங்கு பூட்டு என்றால் திறக்க முடியாவிட்டாலும் கவலையில்லை. உள்ளே லீவர் எனும் தகடுகள் அடுக்கிய நல்ல பூட்டைக் கம்பியால் திறப்பது நேரம் பிடிக்கிற வேலை. பல சமயம் பூட்டின் வளைவையோ நாதாங்கியையோ அறுப்பதே மலிவு. எது விலை குறைவோ அதை அறுக்கச் சொல்லுங்கள்.

கதவின் உள்பக்கம் பெட்டி போல இருக்கும் ஆட்டோமேட்டிக் பூட்டு என்றால், கதவு வெறுமனே இழுத்துச் சாத்தியதா, சாவியால் திருகிப் பூட்டியதா என்பது முக்கியம். முதலாவது சில நிமிட வேலை. இரண்டாவது அப்படியல்ல, கூலியும் மாறும்.

கைப்பிடியோடு கதவுக்குள் பதித்த பூட்டு என்றால் அதில் சிலிண்டர், அதாவது சாவி நுழையும் பகுதி, மட்டும் தனியாகக் கழலும். இது தெரியாதவர்களிடம்தான் 'முழுசா மாத்தணும்' என்பார்கள்.

பூட்டின் முகத்தையும் கதவின் ஓரத்தையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சாவியின் பல் தெரியும்படி மட்டும் படம் எடுத்து யாருக்கும் அனுப்ப வேண்டாம். தெளிவான படம் இருந்தால் அதைப் பார்த்தே சாவி வெட்டிவிடலாம்.

படி 3: போனிலேயே பேசி முடியுங்கள்

மூன்று தொகைகளைத் தனித்தனியாகக் கேளுங்கள்: வந்து பார்க்க எவ்வளவு, சேதமில்லாமல் திறந்தால் எவ்வளவு, உடைக்க நேர்ந்தால் புது சிலிண்டரோடு எவ்வளவு. மிகக் குறைந்த ஒரு தொகையை மட்டும் சொல்லி, 'மத்ததை வந்து பார்த்துச் சொல்றேன்' என்பவரைத் தவிர்த்துவிடுங்கள். வந்தபின் அந்தத் தொகை பல மடங்காவது இந்தத் தொழிலின் மிகப் பழைய தந்திரம். சொன்ன தொகையை வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.

'கடை எங்கே?' என்று கேட்டால் தெருப் பெயர், பக்கத்தில் என்ன கடை என்று உடனே சொல்ல வேண்டும். எல்லா ஊரிலும் கிளை இருக்கிறது என்று மழுப்பினால் அது வெறும் அழைப்பு மையம். யாரை அனுப்புவார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது.

முன்பணம் கொடுக்காதீர்கள். 'பதிவுக்கு 10 ரூபாய்தான்' என்று லிங்க் அனுப்புவதும், ஏதாவது ஆப் இறக்கச் சொல்வதும் பூட்டுக்குச் சம்பந்தமில்லாத வேலை. குறி உங்கள் வங்கிக் கணக்கு. பணம் திரும்ப வர யுபிஐ பின் போடச் சொன்னால் அழைப்பைத் துண்டியுங்கள். பணம் பெற யுபிஐ பின் எண் தேவையே இல்லை.

படி 4: ஆள் வந்த பிறகு

நல்லவர் முதலில் உங்களைக் கேள்வி கேட்பார்: இது உங்கள் வீடுதானா, ஆதாரம் உண்டா, பக்கத்து வீட்டில் தெரிந்தவர் இருக்கிறார்களா? கோபப்படாதீர்கள். எதுவும் கேட்காமல் திறப்பவர், நாளை வேறொருவர் கேட்டாலும் உங்கள் கதவைத் திறப்பார்.

சாதாரணச் சிலிண்டர் பூட்டில் முதலில் வளைந்த கம்பிகளால் முயல வேண்டும். பையைத் திறந்ததும் டிரில்லை எடுத்தால் நிறுத்தச் சொல்லுங்கள். பக்கவாட்டில் பல் இல்லாமல் குழி குழியாக இருக்கும் சாவி என்றாலோ, சிலிண்டருக்குள் இருக்கும் சிறு ஊசிகள் (பின்கள்) தேய்ந்து சிக்கியிருந்தாலோ துளையிடுவது நியாயம். அப்போதும் துளை சிலிண்டரில்தான் விழ வேண்டும், கதவுக்குள் இருக்கும் பெட்டியில் அல்ல.

படி 5: பீரோ

இதில்தான் நகை போகிறது. தெருவில் 'பூட்டு ரிப்பேர், சாவி ரிப்பேர்' என்று வருபவர்களில் நேர்மையாக உழைப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்தக் குரலில் வரும் திருட்டின் போக்கு ஊருக்கு ஊர் ஒன்றுதான். முதலில் ஒரு சின்னப் பூட்டை மலிவாகச் சரிசெய்து நம்பிக்கை பிடிப்பார்கள். அடுத்து 'பீரோ லாக்கர் இறுக்கமா இருக்காம்மா?' என்பார்கள். சாவியை வாங்கி வேலை செய்யும்போது வெந்நீர், எண்ணெய், மெழுகுவர்த்தி என்று எதையாவது கேட்டு உங்களை அடுப்படிக்கு அனுப்புவார்கள். கடைசியில் சாவியைப் பூட்டிலேயே சிக்கவைத்து, 'மருந்து போட்டிருக்கு, சாயங்காலம் வரைக்கும் திறக்காதீங்க' என்று சொல்லிப் போவார்கள். பூட்டுக்கு அப்படிக் காய வேண்டிய மருந்து எதுவும் இல்லை. அது அவர்கள் ஊரைத் தாண்டுவதற்கான நேரம்.

லாக்கர் திறக்கிற நிலையில் இருந்தால் நகை, பணத்தை முதலில் எடுத்து வேறு அறையில் வையுங்கள். திறக்கவே முடியாது என்றால் வீட்டார் இருவர் கூட நின்றே தீர வேண்டும். தண்ணீர், எண்ணெய், துணி, டார்ச் நான்கையும் முன்பே கொண்டுவந்து வைத்துவிட்டால் எழுந்து போகக் காரணமே இருக்காது. வேலை முடிந்ததும் அவர் முன்னாலேயே நீங்கள் உங்கள் கையால் மூன்று முறை பூட்டித் திறந்து, உள்ளே இருப்பதை எண்ணிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

இன்னும் நல்ல வழி: பல பீரோக்களில் லாக்கர் பூட்டு உள்பக்கம் சில திருகாணிகளில்தான் நிற்கிறது. கதவு திறந்திருந்தால் பூட்டை மட்டும் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோகலாம், அந்நியர் வீட்டுக்குள் வரவே வேண்டாம். பீரோ சாவியில் பொறித்திருக்கும் எண்ணையும் யாருக்கும் சொல்லாதீர்கள். சில வகைகளுக்கு அந்த எண்ணைக் கொண்டே சாவி செய்ய முடியும்.

படி 6: சிலிண்டரை நீங்களே மாற்றுங்கள்

சாவி தொலைந்திருந்தாலோ, வந்த ஆள் மீது சந்தேகம் இருந்தாலோ சிலிண்டரை மாற்றிவிடுங்கள். கைப்பிடியோடு கதவுக்குள் பதித்த பூட்டு என்றால் ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் ஒன்று போதும். கதவைத் திறந்து வைத்து, ஓரத்தில் சிலிண்டருக்கு நேராக இருக்கும் நீளத் திருகாணியைக் கழற்றுங்கள். இப்போது இழுத்தால் வராது. பலர் இங்கேதான் சுத்தியலை எடுக்கிறார்கள். சிலிண்டரின் நடுவில் உள்ள நாக்கு ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டிருப்பதுதான் காரணம். சாவியைப் போட்டு மெல்ல, மிகச் சிறிதளவு திருப்பிக்கொண்டே இழுங்கள். நாக்கு உடம்போடு ஒன்றும் இடத்தில் சிலிண்டர் தானாக நழுவி வரும்.

திருகாணி ஓட்டையின் மையத்திலிருந்து இரண்டு முனைக்கும் தனித்தனியாக அளந்து கடையில் சொல்லுங்கள். 30+30 என்றால் 60 மி.மீ., 35+35 என்றால் 70. மொத்த நீளம் மட்டும் சொன்னால் 30+40 கைக்கு வந்து பொருந்தாமல் போகும். வெளிப்பக்கம் தகட்டை விட்டு 3 மி.மீ.க்கு மேல் துருத்தக் கூடாது. துருத்தினால் பிடித்து முறிக்க வசதியாகிவிடும்.

புதுச் சிலிண்டரில் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். தூசி ஒட்டிப் பசையாகிவிடும். பென்சிலைச் சாவியின் பல் மீது நன்றாகத் தேய்த்துச் சில முறை போட்டு எடுத்தால் போதும்.

பிற்சேர்க்கை: வாடகை வீட்டில் இருப்பவர்கள் சிலர், தாங்கள் பூட்டை மாற்றலாமா என்று கேட்டிருந்தார்கள். முந்தைய குடித்தனக்காரரிடம் நகல் இருக்கலாம் என்பதால், வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுக் குடிபுகும் நாளிலேயே உங்கள் சிலிண்டரை மாட்டுங்கள். பழையதை அதன் சாவிகள், திருகாணியோடு ஒரு கவரில் போட்டு வையுங்கள். காலி செய்யும்போது அதையே திரும்ப மாட்டலாம்.

இன்னொன்று: லிங்க் வழியாகப் பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணம் கைமாறும் முன் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். ஆள் வீட்டு வாசலில் நின்று மிரட்டினால் அவசர உதவி எண் 112.